எலுமிச்சை கட்டாத ஜீப்

ரஃபீக்கின் பட்டறைக்குள் கத்திக்கொண்டேதான் நுழைந்தேன். "பாய்! வெளிய வா. நீ செஞ்ச வேலையோட லட்சணத்த வந்து பாரு!"

கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டை ஒட்டி வரிசையாக இருக்கும் பட்டறைகளில் அவனுடையதும் ஒன்று. முகமது ரஃபீக்குக்குப் பூர்வீகம் வாணியம்பாடி, எனக்குக் குடியாத்தம். இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது பூனாவில்தான். தமிழில் சண்டை போடலாம் என்கிற ஒரே சௌகரியத்துக்காகத்தான் என் ஜீப்பை அவனிடம் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை காலை அந்தச் சௌகரியத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்வது என்ற முடிவோடு போயிருந்தேன்.

ஜீப்பை எடுத்துப் போகவில்லை. என் மகள் காவ்யா விடியும்போதே அதை ஓட்டிக்கொண்டு, மகர்பட்டா ஆபீஸ் சிநேகிதிகளோடு தாம்ஹிணி மலைப்பாதைக்கு அருவி பார்க்கக் கிளம்பிவிட்டாள். நான் கொண்டு போனது ஒரு காகிதப் பொட்டலம். முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து சுரண்டி எடுத்த துரு அதில் இருந்தது.

ரஃபீக் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான். "மறுபடியுமா?"

"மறுபடியும்தான். நீ தேய்ச்சுத் தேய்ச்சு அடிச்ச அதே எடம். இன்னா பிரைமர் அடிச்சே? நான் வாங்கிக் குடுத்த டப்பாவையா, இல்ல அத வேற எவன் வண்டிக்காச்சும் அடிச்சிட்டு இதுக்கு..."

"அண்ணே, வார்த்தய அளந்து பேசுங்க."

அளந்து பேசுகிற ஆள் இல்லை நான். அது கட்கியில் எங்கள் பில்டிங் முழுக்கத் தெரியும். பாதுகாப்புத் தளவாட ஃபேக்டரியின் பெயின்ட் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். துரு என்றால் எனக்குப் பகை. ரிடையர் ஆன கையோடு, ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். "இந்தப் பேரீச்சம்பழ வண்டியையா?" என்று என் மனைவி கஸ்தூரி சிரித்தாள். கோபம் வந்தது எனக்கு. இவள் வாயடைக்கிற மாதிரி செய்து காட்டுகிறேன் என்று இறங்கினேன்.

என்ன பூசுவது என்பதில் எனக்கும் ரஃபீக்குக்கும் அப்போதே அடிதடி. அவன் சிவப்பு ஆக்ஸைடு அடித்து, மேலே தார் கலந்த கறுப்புப் பூச்சை எருமைத் தோல் கனத்துக்கு அப்பிவிடலாம் என்றான். "பூனாவில எல்லாரும் அதான் செய்றாங்கண்ணே." கூடாது என்றேன். தார் எங்கேயாவது ஒரு மயிரிழை விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு மாவாகிக்கொண்டிருக்கும். காற்றழுத்தத்தில் மணலடித்துப் பழைய துருவை எடுத்து வெள்ளி மாதிரி ஆக்கு, ஈரக்காற்று படுமுன் ஜிங்க் பிரைமர் அடி, அதன்மேல் எபாக்ஸி பெயின்ட். சேசிஸின் பெட்டி மாதிரி மூடிய பாகத்துக்குள் நீள நாசில் விட்டு மெழுகு அடி. அதற்கென்று பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, ரப்பர் மூடி வை. எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது. வெறுங்கை பட்டால் வியர்வை உப்பு ஒட்டும் என்று பட்டறையில் எல்லாருக்கும் கையுறை மாட்டி விட்டேன்.

அவன் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்று. சேசிஸை ஒட்டிப் பின்னால் போகும் பிரேக் பைப்பைப் புதிதாக மாற்றிவிடலாம் என்றான். பழைய பைப்பைத் தேய்த்துப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. "இது மிலிட்டரிப் பைப் பாய். இந்த மாதிரி இப்ப எவன் செய்யறான்?" என்று சொல்லி, அதன்மேலும் என் கையாலேயே எபாக்ஸியும் கறுப்புப் பெயின்டும் அடித்தேன். கண்ணாடி போல மின்னியது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பில்டிங்கே கூடிவிட்டது. செல்ஃபி எடுக்காத பிள்ளை இல்லை. கஸ்தூரி சனிக்கிழமைதோறும் திருஷ்டிப் பொருள் விற்க வருகிறவனிடம் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோர்த்த சரம் ஒன்றை வாங்கி முன் பம்பரில் கட்டினாள். மறுநாள் பார்க்கிறேன், பழம் கசிந்து சாறு என் பெயின்டில் கோடு போட்டிருக்கிறது. பிய்த்துச் சாக்கடையில் எறிந்தேன். "ஆசிட்டுடி அது! அறிவிருக்கா உனக்கு?" என்று எல்லாரும் பார்க்கக் கத்தினேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் வண்டியில் எதையும் கட்டியதில்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்திலேயே அந்த இடத்தில் துரு தலைகாட்டியது. ரஃபீக் தேய்த்து அடித்தான். மறுபடி வந்தது. மறுபடி அடித்தான். இதோ மறுபடி.

"கொங்கண்ல இருந்து கடல் மணல் வாங்கி அடிச்சிருக்கே நீ," என்றேன். "அதான் விஷயம். உப்பு மணல்."

ரஃபீக்கின் முகம் சிவந்தது. "எங்க அத்தா காலத்துலேர்ந்து இந்தப் பட்டற நடக்குது. இப்படி ஒரு பேச்சு எவனும் பேசினதில்ல. உங்க வண்டியே வேணாம். ஜாவ்."

சொன்னவன், மேஜைமேல் இருந்த பொட்டலத்தைத் தள்ளிவிடப் போனான். தள்ளவில்லை. குனிந்து பார்த்தான். பழுப்புச் செதிலுக்கு நடுவே வெள்ளையாக எதுவோ பொரிந்திருந்தது. விரலால் ஒற்றி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான்.

"உப்புதான்," என்றான்.

"நான் சொல்லல?"

"அண்ணே, கொஞ்சம் யோசிங்க. மணல்ல உப்பு இருந்தா வண்டி முழுக்கத் துரு வந்திருக்கணும். ஒரே எடத்துல மட்டும் ஏன், காய்கோ வரும்? இது அப்புறமா வந்த உப்பு. மணலடிச்சப்ப ஒட்டினது இல்ல."

நானும் ஒற்றி நாக்கில் வைத்தேன். நன்றாகவே கரித்தது. பூனாவில் கடலும் இல்லை, உப்பளமும் இல்லை. வண்டி நிற்பது எங்கள் பில்டிங்குக்குக் கீழே, கூரை போட்ட இடத்தில். ஊறுகாய் ஜாடி எதையாவது அங்கே கழுவுகிறார்களோ என்று தோன்றியது. வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"கஸ்தூரி, வண்டிக்குக் கீழ உப்புத் தண்ணி எவளாச்சும் ஊத்தறாளா? பாத்தியா நீ?"

அவள் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"காது கேக்குதா இல்லியா? கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. ரஃபீக் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான். அவன் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "அண்ணி, நான் ரஃபீக் பேசறேன். பயப்படாம சொல்லுங்க. ஒண்ணும் ஆவாது."

அவனிடம் சொன்னாள். என்னிடம் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"கல்லுப்பு அண்ணா. திருஷ்டிக்கு. மேல கட்டினா இவரு கத்தறாரு. அதான் கண்ணுக்குத் தெரியாத எடமா பாத்து, பக்கத்துல ரப்பர் மூடி போட்ட ஓட்டை ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள சின்னச் சின்ன முடிச்சா போட்டு வெச்சேன். அமாவாசைக்கு அமாவாசை. புள்ள ஓட்டுற வண்டியாச்சேன்னு அவ சீட்டுக்கு நேராவே போட்டேன். ஒவ்வொரு தடவையும் அங்கயே துரு வருதுன்னு இவரு குதிச்சாரா, கண்ணு பலமாத்தான் பட்டிருக்குன்னு இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஜிங்க், எபாக்ஸி, மெழுகு, கையுறை, எல்லாவற்றையும் செய்துவிட்டு, மெழுகு அடிக்க நானே போட்ட ஓட்டை வழியாக உப்பு! மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கரைந்து, சேசிஸுக்குள் குளம் கட்டி, ஓட்டை வழியாகவே வெளியில் வழிந்திருக்கிறது. வாயைத் திறந்தேன். அதற்குள் ரஃபீக் என் தோளை அழுத்திப் பிடித்தான்.

"அண்ணே. அந்த ஓட்டைக்குக் கீழ இன்னா போவுது?"

எனக்குத் தெரியும். நானே பெயின்ட் அடித்தது. கிளிப் போட்டு, சேசிஸோடு ஒட்டி, ஓட்டைக்கு நேர் கீழே. "பிரேக் பைப்பு," என்றேன்.

அந்தக் காலத்து வண்டி. பிரேக் எண்ணெய் போக ஒரே வழிதான். ஒரு இடத்தில் பைப் விட்டால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

ஃபோனைப் பிடுங்கிக் காவ்யாவுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று மராட்டியில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே பெண். காவ்யாவோடு போயிருந்த வைஷுவின் நம்பருக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. முல்ஷி ஏரிக் கரையில் டீ குடிக்கிற படம் ஒன்றைக் கொஞ்ச நேரம் முன்னால்தான் காவ்யா அனுப்பியிருந்தாள். 'டென்ஷன் மத் லோ ப்பா, ஸ்லோவா போறேன்' என்று குரல் பதிவும் இருந்தது. முல்ஷியைத் தாண்டினால் சிக்னல் இல்லை. அதற்கப்புறம் இறக்கம்தான்.

"ஏறுங்க," என்றான் ரஃபீக். ஏற்கெனவே அவனுடைய ஆம்னி வேனை ஸ்டார்ட் செய்திருந்தான். ஜாவ் என்று என்னைத் துரத்தியவன்.

பூனா எல்லையில் சாந்தினி சௌக்கைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பின்னால் பெயின்ட் டப்பாக்கள் வளைவுக்கு வளைவு உருண்டு மோதின. பிரங்குட்டில் லாரிகள் நின்றிருந்தன. ரஃபீக் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் ஃபோனில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"பைப்ப மாத்திடலாம்னு சொன்னேன்ல," என்றான் ஒரே ஒரு தடவை. அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

கஸ்தூரி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. "எடுங்கண்ணே, பாவம்," என்று ரஃபீக் அதட்டினான். எடுத்தேன்.

"பைப்பு போயிருக்குமா?" என்று கேட்டாள். ரஃபீக் என் தோளைப் பிடித்தபோது ஃபோனை யாரும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "என் கையாலயே போட்டேங்க. என் புள்ளைக்கு என் கையாலயே."

பழைய கோவிந்தராஜாக நான் இருந்திருந்தால் இங்கேதான் கத்த ஆரம்பித்திருப்பேன். "போய்ப் பாக்கறேன், வை," என்று மட்டும் சொன்னேன். வழுவழுவென்ற பைப்பைத் தடவிப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

முல்ஷி ஏரி மழையில் தெரியவே இல்லை. அதற்கப்பால் ரோடு முழுக்கக் கார்கள், அருவிக்குக் கீழே நனைகிற கும்பல், சோளம் சுடுகிற புகை. பச்சையாகத் தெரிந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். எதுவும் என் ஜீப் இல்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இறக்கம் தொடங்கியது. வலது பக்கம் மலை, இடது பக்கம் மூடுபனி, அந்தப் பனிக்குக் கீழே என்ன ஆழம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வளைவில் போக்குவரத்து நின்றிருந்தது. முன்னால் ஏதோ வண்டி ஏடாகூடமாக நிற்கிறது என்று ஒருத்தன் மராட்டியில் சொல்லிக்கொண்டு போனான். ரஃபீக் நிறுத்துவதற்கு முன்பே நான் குதித்து ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததில்லை. வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

ஜீப் எதிர்ப்பக்கத்தில், மலையை ஒட்டிய வடிகாலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முன் மட்கார்டு நசுங்கியிருந்தது. பக்கத்துப் பாறைமேல் மூன்று பெண்கள் ஒரே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வைஷு, முழங்காலில் ரத்தம். இன்னொருத்தி ஆபீஸ் சிநேகிதி. மூன்றாமவள் எழுந்து என்னைப் பார்த்தாள்.

"ப்பா," என்றாள் காவ்யா. "பெடல் அப்படியே உள்ள போய்டுச்சு ப்பா. பம்ப் பண்ணேன், வரவேயில்ல. ரெண்டாவது கியருக்கு வந்துட்டு ஹேண்ட்பிரேக் புடிச்சேன். அப்பவும் நிக்கல. அந்தப் பக்கம் கீழ போய்டும்னு இந்தப் பக்கம் மோதிட்டேன். ஸாரி ப்பா. உன் பெயின்ட் போய்டுச்சு."

பெயின்ட் போய்விட்டதாம். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் மகள் நான் அழுது பார்த்ததில்லை. அவள் பயந்துபோய் என் முதுகைத் தட்டினாள்.

ரஃபீக் கொட்டுகிற மழையில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். "அண்ணே, இங்க வாங்க," என்றான் அப்புறம்.

சேற்றில் முழங்கால் போட்டுக் குனிந்தேன். அவன் டார்ச் அடித்த இடத்தில் என் எபாக்ஸி பளபளத்தது, ஒரு கீறல் இல்லாமல். கிளிப் கவ்வியிருந்த ஓரத்திலிருந்து மட்டும் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் பூச்சுக்கு அடியில் நுழைந்திருக்கிறது. ரஃபீக் இரண்டு விரலால் பைப்பை லேசாகக் கிள்ளினான். அப்பளம் மாதிரி நொறுங்கிப் பழுப்புப் பொடியாகக் கொட்டியது. கறுப்புத் தோல் மட்டும் குழாய் வடிவத்திலேயே நின்றது.

"இரும்பு எப்பவோ போச்சு," என்றான். "உங்க பெயின்ட்தான் இவ்ளோ நாளா பைப்பா நின்னிருக்குது."

நான் தாரைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுத்தது ஞாபகம் இருந்திருக்கும் அவனுக்கு. சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அது சொல்லிக்காட்டுவதைவிடச் சுட்டது.

"பாய், அந்தக் கொங்கண் மணல் பேச்சு..."

"அத மறக்க எனக்கு நாளாவும்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "மொதல்ல புள்ளைங்கள வண்டியில ஏத்துங்க."

ஜீப்பை இழுத்து வர ஆள் ஏற்பாடு செய்துவிட்டு ஆம்னியில் திரும்பினோம். சிக்னல் வந்ததும் காவ்யா அம்மாவிடம் பேசினாள். வைஷுவையும் மற்றவளையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுக் கட்கி வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது.

கஸ்தூரி பில்டிங் வாசலிலேயே நின்றிருந்தாள். வலது கை மூடியிருந்தது. மூடிய கையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிழைத்து வந்த பிள்ளைக்குச் சுற்றிப் போடக் கல்லுப்பும் மிளகாயும். மகளைப் பார்த்ததும் ஓடி வந்தவள், பின்னால் நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு நின்றாள். மூடிய கை முந்தானைக்குள் போனது.

நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தைப் பார்த்ததற்கே அந்தக் கை ஒளிந்துகொண்டது. பெற்ற பிள்ளை உயிரோடு வந்து நிற்கிற நேரத்தில்கூட, கண்ணுக்குத் தெரியாத எதற்கோ இல்லை, எனக்குத்தான் அவள் பயந்தாள். உப்பை இருட்டு ஓட்டைக்குள் போட வைத்தது எது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அம்மா, சுத்தும்மா," என்றாள் காவ்யா.

கஸ்தூரி அசையவில்லை. என்னையே பார்த்தாள்.

நான் போய்க் காவ்யாவின் பக்கத்தில் கிழக்கே பார்த்து நின்றேன். "எனக்கும் சேத்துச் சுத்து," என்றேன். "பாய், நீயும் வா."

"நானா?" என்றான் ரஃபீக். சலித்துக்கொண்டேதான் வந்து நின்றான்.

கஸ்தூரி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். மூன்று பேரையும் சேர்த்துச் சுற்றினாள். மேல்வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். சுற்றி முடித்ததும் உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். நான் உள்ளே போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். போட்டாள். கரைகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பைப்ப மாத்தச் சொன்னாரு ரஃபீக் பாய்," என்றேன். "நான்தான் வேணாம்னேன். உப்பு மட்டும் இல்ல கஸ்தூரி."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"வண்டி ரிப்பேராகி வரட்டும். எலுமிச்சம்பழம் கட்டிக்கோ. உள்ள எதுவும் போடாத. முன்னாடி பம்பர்லயே கட்டு, நான் பாக்கற மாதிரி."

"சாறு எறங்குமே," என்றாள், பழைய பயத்தோடு. "பெயின்ட் போயிடுமே."

"போனா திரும்ப அடிச்சிக்கலாம்," என்றேன்.

ரஃபீக் வேனை ஸ்டார்ட் செய்தான். பக்கெட்டை எடுத்துப்போய், வண்டி நிற்கிற இடத்துக்கு எட்டாத தூரத்தில், ரோட்டுச் சாக்கடையில் நானே ஊற்றிவிட்டு வந்தேன்.